பத்துக்குப் பத்து எடுத்த பிள்ளைக்குக் கதை விளங்கியதா?

கேள்வி: சனசமூக நிலைய வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் தரம் 4, 5 பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு எடுக்கிறேன். போன கிழமை, கிரேக்கப் புராணத்தில் வரும் இக்காரஸின் கதையை எளிய தமிழில் சொன்ன இரண்டு பக்கத்தை வாசிக்கக் கொடுத்து, பத்துக் கேள்வியும் கொடுத்தேன். ஒரு தம்பி பத்துக்குப் பத்து. பிறகு "கதையைச் சொல்லும் பார்ப்பம்" என்று கேட்டால், "அப்பா சொல்லுறதைக் கேக்க வேணும்" என்றதோடு நின்றுவிட்டார். அவருக்குக் கதை விளங்கியதா, இல்லையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

தங்கச்சி, உங்கள் சந்தேகம் சரியானது. முப்பது வருடத்துக்கு மேல் ஆரம்பப் பிரிவில் படிப்பித்திருக்கிறேன். முழுப் புள்ளி எடுத்துவிட்டுக் கதை சொல்லத் தெரியாமல் நிற்கிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருந்தார்கள். அவர்கள் சோம்பேறிகளும் இல்லை, பார்த்து எழுதினவர்களும் இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் எழுதுகிறார்கள். நாங்கள் கேட்கிற கேள்விதான் வேறு எதையோ அளக்கிறது.

கீழே உள்ள இரண்டு வசனத்தையும் வாசித்துப் பாருங்கள்.

"மழுவிய நொச்சன் தடுகையில் பிரம்பலைச் சிவட்டினான். அதனால் கூமிகள் எல்லாம் தொளுமின."

சரி, பிரம்பலைச் சிவட்டியவன் யார்? எங்கே சிவட்டினான்? கூமிகள் ஏன் தொளுமின? நொச்சன், தடுகையில், நொச்சன் பிரம்பலைச் சிவட்டியதால். மூன்றுக்கு மூன்று! ஆனால் அந்த வசனங்களுக்கு அர்த்தமே கிடையாது, இப்போது நானே உருவாக்கியவை. தமிழில் வேற்றுமை உருபே விடையைக் கையில் தூக்கித் தந்துவிடும். 'எதை' என்று கேட்டால் 'ஐ' சேர்ந்த சொல்லைத் தேடினால் போதும், 'எங்கே' என்றால் 'இல்' சேர்ந்த சொல்லை. 'ஏன்' என்ற கேள்விகூட, 'அதனால்' என்ற சொல்லுக்கு முன்னால் பார்த்தால் முடிந்தது. புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று இரண்டு வருடம் ரியூசனுக்குப் போன பிள்ளைக்கு இது தண்ணீர் பட்ட பாடு. கேள்வியில் உள்ள சொல்லைப் பந்தியில் கண்டுபிடித்து, அந்த வசனத்தை அப்படியே இறக்கி எழுதுவார்கள். இப்படிப்பட்டவற்றை நான் 'நொச்சன் கேள்வி' என்றே சொல்வேன். உங்கள் பத்தில் எத்தனை நொச்சன் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

எங்கள் எழுத்தும் ஒரு விதத்தில் ஆளை ஏமாற்றும். ஆங்கிலம் வாசிக்கிற பிள்ளை தெரியாத சொல்லில் தடக்கும், அந்தத் தடக்கலே ரீச்சருக்கு ஒரு அடையாளம். தமிழில் எழுத்துப் பழகிய பிள்ளையோ அர்த்தம் தெரியாத சொல்லையும் கடகடவென்று வாசித்துக்கொண்டு போய்விடும். அதனால், சத்தமாக வாசிக்க வைத்து, தடக்காமல் வாசிக்கிறாரே, விளங்கியிருக்கும் என்று முடிவு கட்ட வேண்டாம். இந்தக் கதையில் அவர்கள் தடக்குகிற இடம் பெயர்கள்தான்: டெடலஸ், இக்காரஸ், மினோஸ். அதற்கும் விளக்கத்துக்கும் சம்பந்தமில்லை. வாசிக்கத் தொடங்க முன்னர் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, எல்லாரும் சேர்ந்து இரண்டு தரம் சொன்னால் போதும்.

நீங்கள் கொடுத்த இரண்டு பக்கத்தை நான் பார்க்கவில்லை. அதனால் நான் வகுப்பில் சொல்லிவந்த வடிவத்தையே சுருக்கமாகத் தருகிறேன். ஏறக்குறைய 2000 வருடங்களுக்கு முன் ரோமக் கவிஞர் ஒவிட் இலத்தீனில் பாடியதை ஒட்டியது அது.

டெடலஸ் ஏதென்ஸ் நகரத்துக் கைவினைஞர். கிரீட் தீவின் அரசன் மினோஸுக்காக, உள்ளே போனவர் வெளியே வர வழி தெரியாத சுற்றுவழிக் கட்டடம் ஒன்றைக் கட்டினவர். பிறகு அந்த அரசனே அவரையும் மகன் இக்காரஸையும் தீவை விட்டுப் போகவிடாமல் தடுத்து வைக்கிறான். நிலமும் கடலும் மினோஸின் கையில், வானம் அவன் கையில் இல்லையே என்று டெடலஸ் யோசிக்கிறார். பறவை இறகுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் நூலாலும் அடியில் தேன்மெழுகாலும் இணைத்துச் சிறகு செய்கிறார். மகன் பக்கத்தில் நின்று, காற்றில் அலைகிற இறகுகளைப் பிடிப்பதும், மெழுகைப் பெருவிரலால் அமத்தி இளக்குவதுமாக விளையாடுகிறான். புறப்படும்போது தகப்பன் சொல்கிறார்: நடுவால் பறந்து வா, கீழே போனால் கடல் ஈரம் சிறகைப் பாரமாக்கும், மேலே போனால் சூரியன் சுடும். சிறகைக் கட்டிவிடுகிற அவருடைய கை நடுங்குகிறது. அவர் முன்னால் பறந்து, மகனைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். கீழே மீன் பிடிக்கிறவனும் இடையனும் உழவனும் அண்ணாந்து பார்த்து, இவர்கள் தெய்வங்கள் என்று நினைக்கிறார்கள். பறக்கிற சந்தோசத்தில் மகன் உயர உயரப் போகிறான். மெழுகு உருகுகிறது, கடலில் விழுகிறான். தகப்பன் கண்டது தண்ணீரில் மிதந்த இறகுகளைத்தான். அந்தக் கடலுக்கு மகனின் பெயரே வந்தது. இக்காரியா என்ற தீவு இன்றைக்கும் கிரேக்கத்தில் இருக்கிறது.

'இறகுகளை எதனால் ஒட்டினார்?' என்பது நொச்சன் கேள்வி. அப்படிப்பட்டவற்றை முழுதாகத் தூக்கி எறியச் சொல்லவில்லை, இரண்டு மூன்று இருக்கட்டும். பயந்த பிள்ளைக்கு அவை முதல் படி. மிச்சம் வேறு மாதிரி இருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது: டெடலஸின் கை ஏன் நடுங்கியது? கதையில் எந்த வரியிலும் காரணம் இல்லை. பிள்ளை புத்திமதியையும் ஆபத்தையும் தகப்பன் என்ற உறவையும் ஒன்றாகச் சேர்த்தால்தான் பதில் வரும். "மகனுக்கு என்னவும் நடந்திடுமோ எண்டு பயம்" என்று சொல்கிற பிள்ளைக்குக் கதை உள்ளே போய்விட்டது. "அவருக்கு வயசு போச்சு, அதான்" என்று ஒருவர் சொல்வார். உடனே பிழை போட வேண்டாம். "கதையில எதை வைச்சுச் சொல்லுறீர்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை மறக்கவே வேண்டாம். சரியான பதில் சொன்னவரிடமும் கேளுங்கள், பிழையாகச் சொன்னவரிடமும் கேளுங்கள். பிள்ளையின் விரல் பக்கத்தில் எந்த வரிக்குப் போகிறது என்று பார்த்தால், அவர் எப்படி வாசித்தார் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது பெருவிரல். "கடைசியில் நடக்கப்போவதற்குக் கதையின் நடுவிலேயே ஒரு அடையாளம் இருக்கிறது, அது எது?" என்று கேட்பேன். பெரும்பாலும் எல்லாரும் தகப்பனின் புத்திமதியைச் சொல்வார்கள், அதுவும் சரிதான். ஒரு முறை பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, வாயே திறக்காமல் பெருவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினாள். விரல் சூட்டுக்கே இளகிய மெழுகு சூரியச் சூட்டுக்கு என்ன ஆகும்! கொப்பியில் அவளுக்கு எப்போதும் குறைந்த புள்ளிதான், எழுத்துப் பிழை நிறைய வரும். அன்றைக்குத்தான் அவள் எவ்வளவு கூர்மையாக வாசிக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. இவ்வளவு நாளும் கவனிக்காமல் விட்டேனே என்ற கவலை இன்னும் போகவில்லை.

கேள்வியைப் பிள்ளைகளே கேட்கவும் விடுங்கள். தீவகத்துப் பிள்ளைகள் இருந்தால், "தீவெண்டா வள்ளத்தில போயிருக்கலாம்தானே ரீச்சர்?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் போய் வருகிற பிள்ளைக்கு அது நியாயமான கேள்வி. நீங்கள் பதில் சொல்லாதீர்கள். "யார் இதுக்குக் கதையில இருந்து பதில் சொல்லுவீங்கள்?" என்று வகுப்பிடம் விடுங்கள். 'நிலமும் கடலும் மினோஸின் கையில்' என்ற வரியை யாராவது தேடி எடுப்பார்கள். அந்த வரியை முதலில் வெறும் அலங்காரமாக வாசித்துத் தாண்டியவர்களுக்கும் அப்போது அதன் வேலை விளங்கும்.

'ஏன் கீழேயும் பறக்கக் கூடாது?' என்பதையும் கேளுங்கள். கதை தெரிந்த பெரியவர்களே உயரப் போன பகுதியை மட்டும் நினைவில் வைத்திருப்பார்கள். இங்கே எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பலம் இருக்கிறது: பட்டம். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப் போட்டி பார்த்த பிள்ளை, கொக்குப் பட்டத்துக்கு முச்சை கட்டிப் பழகிய பிள்ளை, ஈரம் பட்டால் பட்டம் ஏறாது என்பதைக் கையால் அறிந்தவர். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை இந்தக் கேள்வியில் முன்னுக்கு வருவார். 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பேஸ்போல் ஆட்டம் பற்றிய பந்தி ஒன்றை மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பலவீனமாக இருந்தும் அந்த விளையாட்டு நன்றாகத் தெரிந்தவர்கள், வாசிப்பில் கெட்டிக்காரராக இருந்தும் விளையாட்டுத் தெரியாதவர்களைவிட நன்றாக நினைவுபடுத்திச் சொன்னார்கள். 'இவருக்கு வாசிக்க வராது' என்று ஒரு பிள்ளையை ஒதுக்க முன்னர், அந்தப் பந்தி எதைப் பற்றியது என்று பாருங்கள்.

ஆனால் தெரிந்த விஷயமே காலை வாரியும் விடும். ஒரு வகுப்பில் "இக்காரஸ் ஏன் விழுந்தான்?" என்றதற்கு நாலைந்து பிள்ளைகள் "செட்டை எரிஞ்சு போச்சு" என்றார்கள். கதையில் நெருப்பும் இல்லை, எரிவதும் இல்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்த்தேன். சம்பாதி! கம்பராமாயணத்தில் கிட்கிந்தா காண்டத்தில் வருகிறானே, தம்பி ஜடாயுவோடு உயரப் பறந்து, சூரிய வெப்பத்திலிருந்து தம்பியைக் காக்கத் தன் சிறகை விரித்து, அது தீய்ந்து விழுந்தவன். அம்மம்மாவிடம் கேட்ட அந்தக் கதை இந்தக் கதைக்குள் புகுந்துவிட்டது. இது எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் வருவதில்லை. ஃபிரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை இங்கிலாந்தில் வாசிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து திரும்ப எழுத வைத்தார். 1932இல் அந்த ஆய்வு வெளியானது. கதையில் இருந்த சீல் வேட்டை, எழுதினவர்களின் கையில் மீன்பிடியாக மாறியிருந்தது. தெரியாததைத் தெரிந்ததாக மாற்றி வைத்துக்கொள்வது மனித மனத்தின் வழக்கம்.

அதனால் 'செட்டை எரிஞ்சு போச்சு' என்ற பதிலில் இரண்டு செய்தி இருக்கிறது. 'சிறகு' என்று வாசித்ததைச் 'செட்டை' என்று தன் வீட்டுச் சொல்லில் சொல்கிறார், அது நல்ல அடையாளம். புத்தகத்துச் சொல்லையே ஒப்புவிக்கிற பிள்ளையைவிட இவர் கதைக்குக் கிட்ட நிற்கிறார். 'எரிஞ்சு' என்பது மட்டும் இந்தக் கதையில் இல்லை. அந்த இடத்தில் நான் இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "சம்பாதி தம்பியைக் காப்பாற்றினான். டெடலஸால் ஏன் மகனைக் காப்பாற்ற முடியவில்லை?" அவர் முன்னால் பறந்தார், திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் மகன் அவருடைய பின்னாலிருந்து விலகி மேலே போய்விட்டான். இதைச் சொல்ல அந்தச் சின்ன விவரத்தைத் திரும்பத் தேடி வாசிக்க வேண்டும். ஒரு வகுப்பில் இதற்கு அரை மணித்தியாலம் போனது, அதில் ஒரு நிமிடமும் வீண் இல்லை.

விஞ்ஞானம் தெரிந்த பிள்ளை, "மேல போகப் போகக் குளிரும்தானே?" என்று கேட்கலாம். அது உண்மை. ஒரு கிலோமீற்றர் உயர்ந்தால் ஏறக்குறைய 6.5 பாகை செல்சியஸ் குறையும். தேன்மெழுகு உருக 60 பாகைக்கு மேல் வேண்டும். பாராட்டுங்கள். பிறகு, "கதைப்படி என்ன நடந்தது?" என்று கேளுங்கள். 'கதைப்படி' என்ற சொல்லைக் கேள்வித்தாளிலும் போடுவது நல்லது.

தமிழில் எழுதிய கதைகளில் இன்னொரு பொறி 'அவன்'. தகப்பனும் ஆண், மகனும் ஆண். 'திரும்பிப் பார்த்தான். அவனைக் காணவில்லை. அழுதான்' என்று எழுவாயே இல்லாமல் மூன்று வசனம் வந்தால், பார்த்தது யார், காணாமல் போனது யார் என்று பிள்ளைக்குக் குழம்பும். அந்த ஒரு குழப்பத்தால் மிச்சக் கதை முழுக்கத் தலைகீழாகும். ஐந்தாறு 'அவன்'களுக்குக் கீழே கோடு போட்டு, "இது யார்?" என்று பென்சிலால் எழுத வையுங்கள். பத்து நிமிட வேலை. நீங்களே கதையை எழுதுவதானால் தகப்பனுக்கு 'அவர்', மகனுக்கு 'அவன்' என்று வைத்தால் பாதிக் குழப்பம் வராது.

பிள்ளைக்கு விளங்கவில்லை என்று தெரிந்த பிறகு, எங்கே சிக்கல் என்று பார்க்க ஒரு வழி: அதே அளவு கடினமான இன்னொரு பந்தியை நீங்கள் வாசித்துக் காட்டி, கொப்பியை மூடிவைத்துக் கதைக்கச் சொல்லுங்கள். கேட்டு விளங்குகிறது, வாசித்தால் விளங்கவில்லை என்றால் எழுத்தை வாசிப்பதிலேயே அவருடைய பலம் முழுக்கப் போய்விடுகிறது என்று அர்த்தம். கேட்டும் விளங்கவில்லை என்றால் சொற்களும் சூழலும் புதிது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. 1986இல் கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இதைப் பெருக்கலாகச் சொன்னார்கள்: எழுத்தை வாசிக்கும் திறனையும் மொழியை விளங்கும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசித்து விளங்குதல். ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம்.

எழுதக் கஷ்டப்படும் பிள்ளைக்குப் படம் கொடுங்கள். தாளில் கீழே கடல், மேலே சூரியன் மட்டும் வரைந்து கொடுத்து, தகப்பனையும் மகனையும் இரண்டு தரம் வரையச் சொல்லுங்கள், புறப்பட்டபோது ஒன்று, விழ முன்னர் ஒன்று. நடு உயரம், முன் பின், யார் விலகியது எல்லாம் படத்திலேயே தெரியும்.

புள்ளி போடும்போது ஒரு கவனம் வேண்டும். பிள்ளை வாசித்த வடிவத்துக்குத்தான் புள்ளி, உங்களுக்குத் தெரிந்த வடிவத்துக்கு இல்லை. டெடலஸ் பொறாமையால் தன் மருமகனைக் கொல்லப் பார்த்தவர் என்ற பகுதியைப் பிள்ளைகளுக்கான வடிவங்கள் பெரும்பாலும் விட்டுவிடும். தொட்டதெல்லாம் பொன்னாகும் மைடாஸ் அரசனின் கதையில் மகள் பொன் சிலையாவது எல்லாருக்கும் தெரியும்; ஒவிட் சொன்ன கதையில் அந்த மகளே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க எழுத்தாளர் நதானியேல் ஹாதோர்ன் பிள்ளைகளுக்குத் திரும்பச் சொன்னபோது வந்து சேர்ந்தவள் அவள். இப்படி வடிவத்துக்கு வடிவம் மாறும் கதைகளில், கையில் இருக்கிற பக்கம்தான் சாட்சி.

இனி அந்தத் தம்பி சொன்ன பதிலுக்கு வருகிறேன். 'அப்பா சொல்லுறதைக் கேக்க வேணும்' என்று சொல்ல இந்தக் கதையை வாசிக்கவே தேவையில்லை. 'தந்தை சொல் மிக்க மந்திரம் இல்லை' என்று சின்ன வயதிலேயே பாடமாக்கிய பிள்ளை, தகப்பனும் மகனும் வருகிற எந்தக் கதைக்கும் அதையே சொல்லும். 'இக்கதையால் அறியும் படிப்பினை யாது?' என்று நாங்கள் கேட்டுக் கேட்டுப் பழக்கிவிட்டோம். என் அபிப்பிராயம், விளக்கத்தைப் பார்க்கிற தாளில் அந்தக் கேள்வியை வைக்கவே கூடாது. அதற்குப் பதிலாக, "இக்காரஸ் விழுந்ததில் டெடலஸுக்கும் பங்கு உண்டா?" என்று கேளுங்கள். காரணத்தோடு எச்சரித்தாரே என்று ஒரு பக்கம் சொல்வார்கள். மெழுகு இளகும் என்று தெரிந்தும் அதாலேயே செய்தாரே, சின்னப் பிள்ளையைப் பின்னால் விட்டுத் தான் முன்னால் போனாரே என்று மற்றப் பக்கம் சொல்வார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைகள் வரியைக் காட்டிக் காட்டி வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பக்கம் நின்றாலும் சரி, கதையிலிருந்து இரண்டு ஆதாரம் இருந்தால் முழுப் புள்ளி.

வருகிற சனிக்கிழமை அந்தத் தம்பியிடம், போன கிழமைப் புள்ளி பிழை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் உழைத்து எடுத்த புள்ளி அது. கதை தெரியாத ஒரு தரம் 3 பிள்ளையைக் கூப்பிட்டு, பத்துக்குப் பத்து எடுத்தவரிடம், "இந்தச் சின்னவனுக்கு நீர்தான் இதைச் சொல்ல வேணும், வேணுமெண்டால் திரும்ப ஒருக்கா வாசியும்" என்று சொல்லுங்கள். நீங்கள் கொஞ்சம் தள்ளி இருந்து ஐந்து விஷயத்துக்கு மட்டும் காது கொடுங்கள்: ஏன் தப்ப நினைத்தார்கள், ஏன் வானத்தால், சிறகு எப்படி, இரண்டு எச்சரிக்கையும், ஏன் விழுந்தான். ஒழுங்கு மாறினால் பரவாயில்லை. ஆனால், அதனால், ஏனெண்டால் போன்ற சொற்கள் சரியான இடத்தில் வருகின்றனவா என்பதைத்தான் உன்னிப்பாகக் கேட்க வேண்டும். சின்னவன் நடுவில் "ஏன்?" என்று கேட்பான், அந்தக் கேள்விகளையும் குறித்து வையுங்கள், அடுத்த தாளுக்கு உதவும்.

எழுத்தில் பதில் வாங்குவதாக இருந்தால், பெயரை 'இகாரசு' என்றோ 'ஈக்காரஸ்' என்றோ எழுதியிருந்தாலும் யாரைச் சொல்கிறார் என்று தெரிந்தால் முழுப் புள்ளியையும் போடுங்கள்.